இரண்டரை அடி வாசல்

மார்ச் 3

அக்கா,

இது உன் தம்பிதான். என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமலேயே குப்பையில் போடுவாய் என்று தெரியும். அதனால்தான் முகவரியை மட்டும் என் வீட்டுக்காரியை எழுதச் சொன்னேன். பிரித்துவிட்டாய் அல்லவா? இனி படித்துத்தான் ஆக வேண்டும்.

போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் மூன்றாவது வாக்கியத்தில் நீ வெட்டுவாய், நான் திரும்பக் கூப்பிடுவேன், அம்மா நடுவில் புகுந்து மூக்கைச் சிந்துவாள். கடிதத்தை யாரும் பாதியில் வெட்ட முடியாது. இரண்டு வருஷமாகப் பேசாத இரண்டு பேருக்கு இதுதான் தோது.

விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவன் இப்போது நமக்கு ஒன்று கட்டுகிறேன். சுவர் எழும்பிவிட்டது. ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை, பின்னால் ஓர் அறை. அந்தப் பின்னறை உனக்கு. நீ வந்துவிட வேண்டும். ஒரு பழைய கடையை வாடகைக்கு எடுத்து, ஷட்டரை இழுத்து விட்டுக்கொண்டு தனியாகப் படுத்திருக்கிறாய் என்று அம்மா தினமும் புலம்புகிறாள். என் மகள் வாலுவுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. தனக்கு ஓர் அத்தை இருப்பதே தெரியாமல் வளர்கிறாள்.

இதில் ஒரு சிக்கல். அம்மா இந்த வாடகை வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். "கோடு கோடா காட்டினா எனக்கு என்னடா தெரியும்? நான் எங்க உக்காருவேன், எங்க படுப்பேன், அதைக் காட்டு" என்றாள். சரி, காட்டுவோம் என்று ப்ளைவுட்டில் ஒரு சின்ன வீடு செய்ய ஆரம்பித்தேன். ஓர் அடிக்கு ஓர் அங்குலம், அசல் வீட்டின் அச்சு. அதையும் பார்த்துவிட்டு, "வெறும் வீட்டைக் காட்டுறியே, சாமான் எங்கடா?" என்கிறாள்.

அதற்குத்தான் எழுதுகிறேன். உன் சொப்புச் சாமான் கொஞ்சம் செய்து அனுப்பு. சோபா, கட்டில், சாப்பாட்டு மேசை, ஃப்ரிட்ஜ், எல்லாம் இந்தக் காலத்து மாதிரி. உனக்கு இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதானே. அடுத்த வாரம் கிடைத்தால் நல்லது.

தம்பி


மார்ச் 9

தம்பி,

சொப்பு என்பது குழந்தைகள் மண்ணை அள்ளிப் போட்டுச் சமைத்து விளையாடுவது. நான் செய்வது நாற்காலி, மேசை, கட்டில். அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அதில் உட்காரும் அளவுக்கு ஆள் கிடைக்காதது நாற்காலியின் குற்றமில்லை.

கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையா? நெற்றியில் விளக்கும் கண்ணில் பூதக்கண்ணாடியும் இல்லாமல் நான் ஒரு குச்சியைக்கூட அறுப்பதில்லை. உன் சுவர் ஒரு நூல் பிசகினால் பூச்சில் மறைத்துவிடுவாய். என் மேசையில் ஒரு நூல் பிசகினால் அது அசலுக்கு ஒன்றரை அங்குலம். எந்தப் பூச்சு அதை மறைக்கும்? ஆகவே அடுத்த வாரம் கிடைக்காது. ஏப்ரல் கடைசிக்குக் கிடைக்கும்.

உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர. இரண்டு வருஷமாகப் பேசவில்லை என்று எழுதினாய், ஏன் பேசவில்லை என்று எழுதவில்லை. மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். தொட்டில் கட்ட இடம் வேண்டும் என்று, நான் வெளியூர் போயிருந்த நாளில், என் வேலை மேசையை அறையிலிருந்து இழுத்தாய். அது வாசலில் நுழையவில்லை. எப்படி நுழையும்? அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து பலகை பலகையாகச் சேர்த்த மேசை அது. நீ ரம்பத்தை எடுத்து நாலு காலையும் முக்கால் அடி அறுத்துவிட்டு, மேசையைப் பால்கனியில் தள்ளினாய். நான் திரும்பி வந்து சத்தம் போட்டபோது, "மரக்கால்தானேக்கா! என்னமோ உன் காலையே வெட்டுன மாதிரி குதிக்கிற" என்றாய்.

இடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். வரப்போவது என் மருமகள் இல்லையா? நீ கேட்கவில்லை.

சரி, அம்மாவுக்காகச் செய்கிறேன். ஒவ்வொரு அறையின் அளவும், வாசல் அளவும், ஜன்னல் அளவும் எழுதி அனுப்பு. தோராயமாக, ஏறக்குறைய, கிட்டத்தட்ட என்ற சொற்களை உன் மேஸ்திரியிடம் வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 16

அக்கா,

நீ மாறவே இல்லை. ஒரு சோபா கேட்டால் ஒரு வழக்கையும் சேர்த்து அனுப்புகிறாய். பழைய கதையை விடு. இப்போது உனக்கு ஓர் அறையே தருகிறேனே, அது போதாதா?

அளவுத்தாள் இத்துடன் இருக்கிறது. ஒரு நூல்கூடப் பிசகாது. இதில் நான் உனக்கு இளைத்தவன் இல்லை.

வீட்டை நீ பார்க்க வேண்டும். ப்ளைவுட் என்று யாராலும் சொல்ல முடியாது. சுவருக்குப் பட்டி பார்த்து இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்தாயிற்று. ஹாலுக்குத் தரை ஒட்டியாயிற்று. ஜன்னல் கதவுகள் திறந்து மூடும். மேல்தளத்தைப் பிசின் போட்டு ஒட்டி, மேலே ஒரு இரவு முழுக்க செங்கல் ஏற்றி வைத்தேன். இனி ஆள் ஏறி நின்றாலும் அசையாது. வேலையை அரைகுறையாக விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

வீடு முடிந்துவிட்டது. சாமான் வர வேண்டியதுதான் பாக்கி.

தம்பி


ஏப்ரல் 20

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

அட மக்கே, பொம்மை வீட்டுக்கு யாராவது மேல்தளத்தை ஒட்டுவார்களா? உலகத்தில் எவன் செய்தாலும் முன்பக்கம் கதவு மாதிரித் திறக்கும், இல்லாவிட்டால் கூரை கழன்று வரும். கை உள்ளே போக வேண்டாமா? உன் புத்தி உன்னை விட்டு எங்கே போகும்? முதலில் வீடு, அப்புறம் அதற்குள் என்ன வைப்பது என்ற யோசனை.

ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இனி ஒவ்வொரு சாமானும் அசல் வீட்டில் போகிற மாதிரி வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அதை மனதில் வைத்தே செய்திருக்கிறேன். பெட்டியில் எல்லாம் தனித்தனியாகப் பஞ்சில் இருக்கிறது. வாலு பக்கத்தில் இல்லாதபோது திற. ஒரு ஸ்டூல் அவள் வாய்க்கு ஒரு கடலை.

சோபா: கால்கள் பித்தளைக் கம்பி, மெத்தைக்குள் மெல்லிய ஸ்பாஞ்சு. சோபாத் துணியை வெட்டிப் போட்டால் இந்த அளவுக்குக் கம்பளி போர்த்தின மாதிரி இருக்கும். அதனால் என் பழைய கைக்குட்டையைச் சாம்பல் நிறத்தில் தோய்த்துப் போட்டேன். ஹாலில் தொங்கும் விளக்கு ஒரு டேபிள் டென்னிஸ் பந்தில் பாதி. வாஷிங் மெஷினின் வட்டக் கண்ணாடி, ஓடாத கைக்கடிகாரத்திலிருந்து எடுத்தது. சமையல் மேடையில் உள்ள இழுப்பறைகள் இழுத்தால் வரும், குண்டூசித் தலைதான் கைப்பிடி. ஃப்ரிட்ஜைத் திறந்து பார், உள்ளே தட்டு உண்டு. கடைந்த கால், பூ வேலை, வளைவு நெளிவு ஒன்றும் கிடையாது. இந்தக் காலத்துச் சாமானில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. பூ இருந்தால் பூவுக்குள் தப்பை மறைக்கலாம். நேர்கோட்டில் மறைக்க முடியாது.

உன் தடித்த விரலை வைத்துக்கொண்டு எதையும் தொடாதே. உன் பெண்டாட்டியிடம் கொடு. ஆஸ்பத்திரி லேபில் குழந்தைகளுக்கு வலிக்காமல் ரத்தம் எடுக்கிறவள், அந்தக் கைக்குத்தான் இது சரிப்படும்.

பின்னறைக்கு ஒன்றும் அனுப்பவில்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

தோற்றேன். ஒப்புக்கொள்கிறேன். பெட்டியைத் திறந்ததும் வாய் பிளந்துவிட்டேன். அந்தச் சாப்பாட்டு மேசையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அதன் மேற்பலகையில் மரத்தின் ரேகைகூட மேசைக்கு ஏற்ற மாதிரி பொடிப்பொடியாக ஓடுகிறது. எங்கேயிருந்து பிடிக்கிறாய் இதையெல்லாம்?

குடிபுகுந்த கூத்தைக் கேள். நீ வேண்டாம் என்று சொன்னதால் எனக்கு ஆசை அதிகமாகிவிட்டது. சோபாவைப் பிடித்து ஹால் ஜன்னல் வழியாக விட்டேன். சோபா போய் உட்கார்ந்தது, என் கை திரும்பி வரவில்லை. மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. அம்மா, "சொந்த வீட்டுலயே திருட்டுக் கை மாட்டிக்கிச்சு பாரு" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என் வீட்டுக்காரி சோப்பு நுரை தடவி இழுத்துவிட்டாள். அப்புறம் அவள்தான் இடுக்கியால் ஒவ்வொன்றாக வாசல் வழியாக விட்டு, ஒரு பென்சிலால் தள்ளித் தள்ளி இடத்தில் நிறுத்தினாள். ஒரு சாமானும் எங்கேயும் இடிக்கவில்லை.

அம்மா ஜன்னல் வழியாக ஒற்றைக் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தாள். தன் நாற்காலியை வீதியைப் பார்த்துத் திருப்பச் சொன்னாள். அப்புறம், "இதுக்குக் கைப்பிடி இல்லையே, நான் எதைப் புடிச்சுக்கிட்டு எந்திரிப்பேன்? பெரியவகிட்ட சொல்லு" என்றாள். அக்கா, கவனித்தாயா? எந்திரிப்பேன் என்கிறாள்! அந்த வீட்டில் மனதளவில் உட்கார்ந்தே விட்டாள். அசல் நாற்காலிக்கும் கைப்பிடி வைக்க ஆசாரியிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் கடைசியில் ஒரு குண்டைப் போட்டாள். "பின்னாடி ரூம் ஏன் காலியா கெடக்கு? அது நெறைஞ்சாதான் நான் வருவேன்" என்கிறாள். உனக்கு என்ன, ஒரு கட்டில், துணி வைக்க ஒரு பீரோ, அது போதும்தானே? சட்டென்று செய்து அனுப்பிவிடு. நீ வந்துவிட்டால் அம்மாவுக்குத் துணைக்கு ஆள் ஆயிற்று, வாலுவையும் பார்த்துக்கொள்வாய், என் வீட்டுக்காரியும் நிம்மதியாக இரண்டு ஷிப்டும் போவாள்.

அசல் வீட்டுக்கு மேல்தளம் போட்டாயிற்று. அடுத்து நிலை வைக்க வேண்டியதுதான்.

தம்பி


மே 8

தம்பி,

அம்மாவுக்குக் கைப்பிடி வைத்த புது நாற்காலி ஒன்று அனுப்பியிருக்கிறேன். கை வைக்கிற இடத்தைக் கொஞ்சம் அகலமாக வைத்தேன். அவள் சொன்னது சரி, நான்தான் அழகைப் பார்த்து ஆளை மறந்துவிட்டேன்.

பெட்டியில் இன்னொன்றும் இருக்கிறது. பின்னறைக்கு என் ஒரே சாமான். அதை உள்ளே வைத்துவிட்டு எனக்கு எழுது. வெட்டாமல், பிரிக்காமல், வாசல் வழியாக.

கட்டிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் தரையில்கூடப் படுப்பேன்.

அக்கா


மே 15

அக்கா,

இது வீம்பு. வேறு பெயர் இல்லை இதற்கு.

பெட்டியைப் பிரித்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. உன் வேலை மேசை. இரண்டு பக்கமும் இழுப்பறை, காலைச் சுற்றிக் கீழே அடிக்கட்டை, மேலே நீ சூடு வைத்துவிட்ட கறைகூட இருக்கிறது. கையில் எடுத்துத் திருப்பினேன். நாலு காலிலும், தரையிலிருந்து முக்கால் அங்குல உயரத்தில், ஒட்டுப் போட்ட கோடு. அதைக்கூட விடவில்லையா நீ? வெட்டிய துண்டுகளை அன்றைக்குப் பையில் போட்டுக்கொண்டு போனது இதற்குத்தானா?

நுழையவில்லை. அது உனக்குத் தெரியும். மேசை அகலம் மூன்று அங்குலம், உயரம் மூன்று அங்குலம், வாசல் இரண்டரை. படுக்க வைத்துப் பார்த்தோம், குத்த வைத்துப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம். பின்பக்கமாகத் தோட்டத்திலிருந்துதான் அந்த அறைக்கு வழி, வேறு வாசலும் இல்லை. ஜன்னல் என்று இருப்பது ஒரு கையகலம். என் வீட்டுக்காரி இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "மத்த ரூமுக்கெல்லாம் மூணரை அடி வாசல். இதுக்கு மட்டும் ஏன் ரெண்டரை?" என்று கேட்டாள். முதலில் அது சாமான் போட்டு வைக்கிற அறையாக இருந்தது, அதனால் என்று சொன்னேன். அவள் மேசையை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள். பேசாமலேயே சொல்லிவிடுவதில் அவள் கெட்டிக்காரி.

பொறுமை போய்விட்டது எனக்கு. சின்ன ரம்பத்தை எடுத்தேன். ஒட்டுப் போட்ட இடத்தில் லேசாக இரண்டு இழு இழுத்தால் போதும், நுழைந்துவிடும். அம்மா பார்த்துவிட்டாள். "மறுபடியும் காலை வெட்டப் போறியாடா?" என்றாள். சத்தம் போடவில்லை. சும்மா கேட்டாள். ரம்பத்தை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். இப்போது அவளும் உன் கட்சி.

நியாயமாகப் பார். அசல் சுவர் எழும்பிவிட்டது. வாசலுக்கு மேலே கான்கிரீட் உத்தரம் போட்டாயிற்று. இனி இடித்தால் என்னிடம் வேலை செய்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கட்டத் தெரியாதவன் என்பார்கள். ஒரு மேசையைப் பிரித்து உள்ளே கொண்டுபோய் மறுபடி சேர்த்துக்கொள்ள உனக்குத் தெரியாதா? நீதானே செய்தாய்? தெரியும், ஆனால் செய்ய மாட்டாய். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

உன் மேசை பின்வாசலுக்கு வெளியே கிடக்கிறது.

தம்பி


மே 20

தம்பி,

முயலுக்கு எத்தனை கால் என்று எனக்குத் தெரியாது. என் மேசைக்கு நாலு கால். நாலிலும் ஒட்டு இருக்கிறது.

பிரிக்கத் தெரியும். மாட்டேன். ஒளித்துப் பேசாமல் சொல்கிறேன், கேள்.

அளவுத்தாளில் அந்த இரண்டரை அடியைப் பார்த்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. வீம்புக்காகவா ஒன்றரை மாதம் பேசாமல் இருந்தேன்? ஒருவேளை நீயே பார்த்து மாற்றுவாய் என்று காத்திருந்தேன். நீ, ஒரு கட்டிலும் பீரோவும் போதுமே என்று எழுதினாய். அம்மாவுக்குத் துணை, குழந்தைக்கு ஆயா, எல்லாவற்றுக்கும் நான் ஞாபகம் வந்தேன். என் வேலை உனக்கு ஞாபகம் வரவில்லை. நீ அக்காவைக் கூப்பிடுகிறாய். மேசையை விட்டுவிட்டு வா என்று கூப்பிடுகிறாய்.

இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கண்காட்சிக்காரர்கள் தேடி வருகிறார்கள். ஒரு முழு வீட்டுக்கான சாமான் கேட்டு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கினால் வெளிச்சம் நேராக மேசைமேல் விழுகிறது. யாரும் பாவப்பட வேண்டிய நிலைமையில் நான் இல்லை.

ஆனாலும் எனக்கு வர ஆசை. அம்மா அந்த நாற்காலியில் கையை ஊன்றி எழுந்திருப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க ஆசை. வாலு என்னை அத்தை என்று கூப்பிட்டு என் பிராணனை வாங்க வேண்டும் என்று ஆசை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளவும் நீ சொல்லியா செய்ய வேண்டும்? ஆசை இல்லாவிட்டால் ஒரு கடிதத்தோடு முடித்திருப்பேன். உட்கார்ந்து ஒட்டுப் போட்ட கோட்டை எல்லாம் இழைத்து அனுப்பியிருக்க மாட்டேன்.

பின்பக்க வாசல் எனக்குப் பிடித்திருக்கிறது. மரத்தூள் வீட்டுக்குள் வராது. அறையில் குறையே இல்லை, வாசலில்தான் குறை. மேசை நுழையாத அறைக்குள் நானும் நுழைய மாட்டேன். இதில் பேரம் இல்லை.

அக்கா


ஜூன் 4

அக்கா,

பதில் எழுத நாளாயிற்று. எழுதுவதற்கு முன்னால் வேலையை முடித்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

உன் கடிதம் வந்தபோதும் நான் இறங்கி வருவதாக இல்லை. விடாக்கண்டனுக்குக் கொடாக்கண்டனாக இருப்போம் என்றுதான் நினைத்தேன். மேசை அந்தச் சின்ன வீட்டின் பின்வாசலுக்கு வெளியே அப்படியே நின்றது. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், அதன்மேல் ஒரு துண்டு பாலிதீன் போர்த்தியிருக்கிறது, நாலு மூலையிலும் கூழாங்கல். "என்ன இது?" என்றேன். "மழை வந்தா நனைஞ்சுடும்ல" என்றாள் என் வீட்டுக்காரி, முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல். எடுத்துப் போட்டேன். மறுநாள் காலை மறுபடியும் போர்த்தியிருந்தது. அதற்கு மறுநாள் வாலுவும் சேர்ந்துகொண்டு தன் கைக்குட்டையை வைத்து மூடி, "தூங்கு" என்று தட்டிக்கொடுக்கிறாள். பால்கனியில் அன்றைக்கு நான் எதையும் போர்த்தவில்லை அக்கா. நீ வந்து பார்த்தபோது உன் மேசை நனைந்துதான் கிடந்தது. அது ஞாபகம் வந்தது.

அன்றைக்கே வேலை நடக்கிற இடத்துக்குப் போனேன். சென்ட்ரிங் பலகைகளை எடுத்து ஏழடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் என்று ஒரு பெட்டி அடிக்கச் சொன்னேன். நீ என் வீட்டைச் சின்னதாக வைத்துப் பார்த்தாய், நான் உன் மேசையைப் பெரிதாக வைத்துப் பார்த்தேன். நாலு பேர் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தோம். டங்கென்று இடித்தது. நான் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறேன், உள்ளே போக வழியில்லை. முன்னால் பிடித்திருந்த மேஸ்திரி, "சார், இந்தப் பெட்டிய வச்சுக்கிட்டு இருக்கிறவங்க எப்படி சார் இந்த ரூம்ல குடியிருப்பாங்க?" என்று கேட்டார். அதே கேள்வியை என் பெண்டாட்டி கேட்டாள், என் அம்மா கேட்டாள், நீ கேட்டாய். நான் வீடு கட்டுகிறவன், எனக்குத்தான் அது கடைசியில் கேட்டது.

உத்தரத்தை உடைத்தாயிற்று. நானே முதல் அடி அடித்தேன். வேலையாட்கள் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. ஒருத்தர் மட்டும், "யானை கட்டப் போறீங்களா?" என்று கேட்டார். என் அக்கா மேசை போடப் போகிறாள் என்றேன். வாசல் இப்போது நாலடி. புது உத்தரம் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். வடக்குச் சுவரில் அந்தக் கையகல ஜன்னலையும் பெரிதாக்கிவிட்டேன். நீ கேட்கவில்லை, ஆனாலும் ஷட்டரைத் தூக்கினால் விழுகிற அளவு வெளிச்சம் அதில் விழ வேண்டுமே.

சின்ன வீட்டிலும் அறுத்துவிட்டேன். ரம்பத்தை எடுத்தபோது அம்மா திடுக்கிட்டாள். சுவரில் வைத்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. உன் மேசை ஒரே தள்ளில் உள்ளே போய் உட்கார்ந்தது. "ம், நெறைஞ்சுடுச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அறுத்த சுவர்த் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்த சுவர், மனசு வராமல்தான் அறுத்தேன். நீ வைத்துக்கொள்.

எப்போது வருகிறாய்? நாலடி வாசலுக்கு நிலை தயார். திங்கட்கிழமை வைத்துவிடவா?

தம்பி


ஜூன் 9

தம்பி,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பூதக்கண்ணாடி போட்டிருந்தும் கடைசிப் பக்கம் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பிரயோஜனம் இல்லை, கண்ணைத்தான் துடைக்க வேண்டியிருந்தது. என் மருமகளிடம் சொல், மேசை தூங்கி எழுந்துவிட்டது என்று. பாலிதீன் போர்த்தியவளுக்கு நான் வந்து தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய சுவர்த் துண்டு ப்ளைவுட்டில் நல்ல ரகம்தான், சும்மா வைத்திருக்க மனம் வரவில்லை. ஒரு ஸ்டூல் செய்துவிட்டேன், உன் பெயிண்ட் அடியில் இருக்கிறது. அதை என் மேசைக்கு எதிரே வைக்கச் சொல். அசல் ஸ்டூலை வந்ததும் செய்கிறேன். வேலை முடிந்து வருகிறபோது நீ உட்கார ஓர் இடம் வேண்டுமே. உட்காரலாம், பேசலாம், எதையும் தொடக்கூடாது.

லாரிக்குச் சொல்லிவிட்டேன். இருபதாம் தேதி காலையில் வந்து சேரும். மேசைதான் கடைசியில் ஏறும், அதுதான் முதலில் இறங்கும். தூக்க நாலு பேரைத் தயாராக வை, ஒரு மூலையை நீ பிடி.

திங்கட்கிழமை நிலை வைக்காதே. நிலைக்கட்டை இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் தின்னும், தூக்குகிறவர்கள் கைக்கும் இடம் வேண்டும் என்பது உனக்குத் தெரியாதா? முதலில் மேசை உள்ளே போகட்டும், அதற்கு அப்புறம் வாசலை முடித்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு ரசமட்டம் கொண்டு வா, சுத்தியல் கொண்டு வா, டேப் கொண்டு வா. ரம்பத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அக்கா